பக்கத்து ஊருக்குச் சென்னை வழி

தென்கோடி எல்லையில் விமானம் பறக்கும் நேரம் ஒரு கணக்கு. பயணிக்கு ஆகும் நேரம் வேறு கணக்கு

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 125 கி.மீ. தான். ஆனால், விமானத்தில்தான் போவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் சுமார் 610 கி.மீ. பறந்து சென்னையில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, மறுபடியும் 530 கி.மீ. தெற்கே வர வேண்டும். காரில் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக நாலு மணி நேரத்தில் முடிகிற காரியம்.

இப்படி யாரும் போவதில்லை என்பது உண்மையே. என்றாலும் காட்டாக்கடை, நெய்யாற்றங்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் தூரமும் நேரமும் எப்போதுமே இப்படி முறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அந்த நான்கு தாலுகாக்களுக்கும் தலைநகரம் சென்னைக்கு மாறியது. விமான நிலையம் மாறவில்லை. 1935இல் டாடாவின் அஞ்சல் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கிய அதே திருவனந்தபுரம்தான் இன்றும் குமரி மாவட்டத்துக்கு மிக அருகில் உள்ளது. அங்கிருந்து கொழும்பு சுமார் 360 கி.மீ.; மாலத் தீவின் தலைநகரான மாலே ஏறத்தாழ 600 கி.மீ. ஆக, மார்த்தாண்டத்துக்காரருக்குத் தன் மாநிலத் தலைநகரமும் ஓர் அன்னிய நாட்டின் தலைநகரமும் ஏறக்குறைய ஒரே தூரம்!

சென்னை விமானத்துக்கு அட்டவணை காட்டும் நேரம் சுமார் 1 மணி 20 நிமிடம். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு 610 கி.மீ. கடக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் போதும். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், மேலேறி இறங்குவதிலும், சென்னை வானில் முறை வருவதற்குக் காத்திருப்பதிலும் கரைகிறது. மார்த்தாண்டத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம், சென்னையில் பெட்டிக்காகவும் டாக்ஸிக்காகவும் ஒரு மணி நேரம் என்று கூட்டினால் ஆறு மணி நேரத்தைத் தொடுகிறது. 2024இல் ஓடத் தொடங்கிய நாகர்கோவில்-சென்னை வந்தே பாரத் ரயிலுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எனவே ஆகாயத்தில் பறப்பவர் உண்மையில் மிச்சம் பிடிப்பது மூன்று மணி நேரம் மட்டுமே. டிக்கெட் விலையைப் பார்ப்பவர்கள் ரயில் ஏறிவிடுகிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. துபாய் 3,000 கி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. பறக்கும் நேரம் நாலு மணி நேரம். சர்வதேசப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்பது அறிவுரை. விடுப்பு முடிந்து திரும்பும் தொழிலாளிக்கு ஒரு விமானம் தப்பினால் புது டிக்கெட்டுக்கான பணம் போகும்; சில சமயம் வேலைக்கே ஆபத்து. அரபிக் கடலைத் தாண்டும் நேரத்தை அட்டவணை சொல்லிவிடும். பாலராமபுரம் சந்திப்பைத் தாண்டும் நேரத்தை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. அதனால் காலை விமானத்துக்கு நள்ளிரவிலேயே எல்லைக் கிராமங்களில் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன.