நாற்சில்லு இயக்கம்: பெற்றோல் வாகனமும் கலப்பு வாகனமும் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

மோட்டர் வாகனமொன்றின் நான்கு சில்லுகளும் வலுப்பெற்றுச் சுழல்வதையே நாற்சில்லு இயக்கம் என்கிறோம். பெற்றோல் எஞ்சினை மாத்திரம் கொண்ட வாகனத்துக்கும், எஞ்சினையும் மின்மோட்டரையும் ஒருங்கே கொண்ட கலப்பு வாகனத்துக்கும் இப்பெயர் வேறுபாடின்றி வழங்கப்படுகின்றது. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முனைவது. யப்பானியக் கலப்பு வாகனங்கள் இலங்கை வீதிகளில் பெருமளவில் ஓடும் இக்காலத்தில், இவ்வேறுபாடு பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று. பெயரை நம்பிச் சேற்றிலும் ஏற்றத்திலும் வாகனத்தைச் செலுத்தும் எவருக்கும் உரியதாகும்.

வரலாற்று நிலையில் இரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் தோன்றியவை. 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்ரியாவில் ஃபேர்டினான்ட் போர்ஷே நான்கு சில்லுகளின் குடங்களிலும் மின்மோட்டர் பொருத்திய வாகனத்தை அமைத்தார். 1903இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் ஒரே பெற்றோல் எஞ்சினால் நான்கு சில்லுகளையும் இயக்கிக் காட்டியது. பின்னையதே நெடுங்காலம் நிலைத்தது. 1972இன் சுபாரு லியோனி, 1980இன் அவுடி குவாட்ரோ ஆகியன அதன் வழிவந்தவை. மின்வழி மரபு, 2001இல் டொயோட்டாவின் எஸ்டிமா கலப்பு வாகனத்தில் புதுவடிவிற் திரும்பியது.

பெற்றோல் வாகனத்தில் வலுவின் ஊற்று ஒன்றே. எஞ்சினிலிருந்து நீண்ட சுழல்தண்டு ஒன்று பின்னச்சுக்குச் செல்கின்றது. வளைவில் முன்சில்லுகளும் பின்சில்லுகளும் வெவ்வேறு தூரம் செல்வதால், அவ்வேறுபாட்டுக்கு இடமளிக்க நடுவே டிபரன்சியல் எனும் பற்சில்லுத் தொகுதியோ, பல தட்டுக்கள் கொண்ட கிளச்சோ அமைகின்றது. இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், முன்சில்லுகள் வழுக்கி அவற்றாற் பயன்கொள்ள இயலாத முறுக்கத்தின் பெரும்பகுதியைப் பின்னோக்கித் திருப்பலாம் என்பதே. அதற்குரிய விலையும் உண்டு. தண்டும் பற்சில்லுகளும் நிறையைக் கூட்டுகின்றன. அவற்றின் உராய்வு எரிபொருளை உண்கின்றது.

கலப்பு வாகனங்கள் பலவற்றில் இத்தண்டு இல்லை. முன்சில்லுகளை எஞ்சினும் மின்மோட்டரும் இயக்க, பின்னச்சைத் தனியான மோட்டரொன்று இயக்குகின்றது. இரண்டையும் இணைப்பவை மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுக் கணினியுமே. மின்மோட்டர் ஓய்வுநிலையிலேயே முழு முறுக்கத்தைத் தரவல்லது. கட்டளைக்கு மிக விரைவாகப் பணிவது. பிறேக்குப் பிடிக்கையில் அதுவே மின்பிறப்பாக்கியாகிச் சக்தியின் ஒரு பகுதியை மீட்கின்றது. ஆயின், பின்சில்லுகள் பெறக்கூடிய வலு அம்மோட்டரின் அளவோடு நின்றுவிடுகின்றது. எஞ்சினின் வலு மின்னாக மாறிப் பின்னே செல்லலாம். எனினும் மோட்டரின் எல்லையை அது கடவாது.

இவ்வெல்லை சிறிதா பெரிதா என்பதை எண்களால் நோக்குவோம். 2019இன் பிரியஸ் நாற்சில்லு வாகனத்தில் பின்மோட்டரின் வலு 5.3 கிலோவாற்று மாத்திரமே. மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு மேல் அது உதவுவதுமில்லை. முன்சில்லுகள் முற்றாக வழுக்குகின்றன எனக் கொள்வோம். 1,400 கிலோகிராம் நிறையுள்ள வாகனமொன்றைப் பத்துக்கு ஒன்று எனும் சாய்வில் ஏற்ற ஏறத்தாழ 1,370 நியூற்றன் விசை வேண்டும். ஏனைய இழப்புக்களைப் புறக்கணித்தாலும், 5.3 கிலோவாற்று அவ்வாகனத்தை மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் கதியிலேயே ஏற்றும். அடுத்த தலைமுறைப் பிரியஸில் இவ்வலு 30 கிலோவாற்றாக உயர்த்தப்பட்டது. அதே கணிப்பின்படி கதி 79 கிலோமீற்றராகின்றது. இரண்டும் ஒரே பெயரால் விற்கப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது.

விகிதக் கூற்றுக்களும் நம்மை மயக்கலாம். முறுக்கத்தின் எண்பது வீதம் பின்னே செல்லும் எனப்படுமிடத்து, எதன் எண்பது வீதம் எனக் கேட்டல் வேண்டும். முன்சில்லுகள் பற்றிழந்த நிலையிற் பின்மோட்டரின் சிறு பங்கும் மொத்தத்திற் பெரு வீதமாகத் தோன்றும்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. கலப்பு வாகனங்கள் யாவும் இத்தகையன அல்ல. ஹொண்டா சி.ஆர்.வி. போன்றவற்றின் கலப்பு வகைகளிலும் சுழல்தண்டே பின்சில்லுகளை இயக்குகின்றது. ஆகவே பெற்றோல், கலப்பு என்ற பாகுபாட்டிலும், பின்னச்சுக்கு வலு எவ்வழியாகச் செல்கின்றது என்பதே அடிப்படை வினாவாகும்.

மழையில் நனைந்த தார்வீதியிலும், வழுக்கும் இடத்திலிருந்து புறப்படுகையிலும் சிறு மோட்டரே போதுமானது; சிக்கனமும் அதன் பக்கமே. நீண்ட சேற்றேற்றத்தில் பாரத்துடன் செல்வோர்க்குத் தண்டோ வலிய மோட்டரோ இன்றியமையாதது. எவ்வகையாயினும், வாகனத்தை நிறுத்துவதில் நாற்சில்லு இயக்கம் துணைசெய்யாது. அங்கு ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வே காப்பு. எனவே, வாங்குவோன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: பின்சில்லுகளுக்கு வலு வருவது எவ்வழி? அதன் அளவு எத்தனை கிலோவாற்று? எக்கதிவரை அது தொழிற்படும்? இவற்றுக்கு விடை பெறாதவன் பொறியை அன்று, பெயரையே விலைகொடுத்து வாங்குகின்றான்.