ரயில் போன தடம் – 9: அவிசாவளைக்கு அப்பால்

கடந்த வாரம் களனிவெளிப் பாதையில் அவிசாவளை வரை வந்திருந்தோம். இன்று ரயிலும் அத்தோடு நின்றுவிடுகிறது. கொழும்பு மாவட்டம் அங்கே முடிகிறது, தாண்டினால் சப்ரகமுவ. கேகாலை மாவட்டத்துக்காவது றம்புக்கனைப் பக்கம் பிரதான பாதை உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு முழம் தண்டவாளம்கூடக் கிடையாது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு அடி ஆறு அங்குல அகலத்தில், கரி எஞ்சின் இழுத்த சின்ன ரயில் அவிசாவளையில் இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு கிளை தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக யட்டியாந்தோட்டைக்கு. மற்றது எஹலியகொட, குருவிட்ட வழியாக 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் காவத்தை தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டியும் றப்பர் ஷீட்டும் கொழும்புத் துறைமுகத்துக்குப் போகத் துரைமார் கேட்டு வாங்கிய பாதை இது. குறுகிய பாதை என்றால் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், மலையை அதிகம் வெட்ட வேண்டாம், செலவும் குறையும். அந்தச் சிக்கனத்தின் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

யட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளம் உலகப் போரின் நடுவே, 1942இல் கழற்றப்பட்டது. ஓப்பநாயக்கப் பக்கம் இன்னும் முப்பது வருஷம் தாக்குப்பிடித்தது. லொறியும் பஸ்ஸும் பெருகப் பெருகச் சின்ன ரயில் நட்டக் கணக்கில் சேர்ந்தது. 1976க்குள் அதுவும் முடிந்தது.

அந்த வருஷத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு கையேற்றிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் தோட்டங்களில் பஞ்சம்; மாவும் அரிசியும் கிடைக்காமல் லயங்களில் ஆட்கள் மெலிந்து செத்தார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த வீடுகள் ஏராளம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு போன வாக்குரிமை பெரும்பாலானோருக்கு அதுவரை திரும்பி வரவில்லை. பாதையை மூடும்போது யாரைக் கேட்பார்கள்? வாக்குள்ளவனைக் கேட்பார்கள். அந்த ரயில் யாருடைய உழைப்பைச் சுமந்ததோ அவர்களுக்கு அதைக் காப்பாற்றச் சொல்ல ஒரு வாக்குச்சீட்டுக்கூட இருக்கவில்லை. பொருளாதாரக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் நட்டக் கணக்கு மட்டுமே போதாது, எதிர்த்துக் கேட்க ஆளில்லாத இடமும் வேண்டும்; சப்ரகமுவ அப்படிப்பட்ட இடமாக ஆக்கப்பட்டிருந்தது.

கொழும்பிலிருந்து அவிசாவளை வரையுள்ள பகுதிக்கு 1990களில் வேறு விதி வாய்த்தது. அதை அகலப் பாதையாக மாற்றினார்கள். தண்டவாளம் அகன்றதே தவிர, தடம் பழைய தடமேதான். சின்ன ரயிலுக்குப் போட்ட வளைவுகளில்தான் பெரிய ரயில் ஊர்கிறது. கோட்டையிலிருந்து அவிசாவளை போய்ச் சேர இரண்டு மணிநேரத்துக்கு மேல் பிடிக்கிறது. இதற்கு மருந்தாகத்தான் ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு ஒரு திட்டம் வந்தது. கொழும்பிலிருந்து ஹோமாகமைத் திசையில் பாதையைத் தூண்கள் மேல் ஏற்றி இரட்டைப் பாதையாக்குவது என்று வரைந்தார்கள். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தபோது அந்தத் தூண்கள் காகிதத்திலேயே நின்றுவிட்டன. அதற்கு முன்பே, 2020இல், ஜப்பான் கடனில் மாலபேக்குப் போடவிருந்த இலகு ரயிலும் ரத்தாகியிருந்தது.

உயரத்தில் ரயில் விடுவது தவறில்லை. லண்டனில் பிளாக்வால் துறைமுகப் பக்கத்துக்கு 1840இல் செங்கல் வளைவுகளின் மேல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1926இல் அதன் பயணிகள் சேவை நின்றது. பின்னால் துறைமுகமும் ஓய்ந்தது. வளைவுகளை யாரும் இடித்துத் தள்ளவில்லை. 1987இல் டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் திறந்தபோது அந்தப் பழைய மேட்டின் ஒரு பகுதியில்தான் புது வண்டிகள் ஓடின. இடிக்காமல் விட்டது ஒரு புத்தி. அந்தத் தடத்துக்குத் தோதான சிறிய, இறுக்கமாகத் திரும்பக்கூடிய வண்டியைத் தேர்ந்தது இன்னொரு புத்தி. இரண்டாவதைத்தான் நாம் படிக்க வேண்டும்.

அவிசாவளைக்கு அப்பால் நமக்குத் தூண்களும் வேண்டாம், அகலப் பாதையும் வேண்டாம். வயலுக்கு மேல் மண் போட்டு உயர்த்தி, மலைச்சரிவில் வெட்டி, நூறு வருஷத்துக்கு முன்பே நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தடம் போடப்பட்டது. அதில் சில இடங்கள் இன்று ஊர்த் தெருக்கள். சில இடங்கள் காடு. சில இடங்களில் வீடுகள். இந்தத் தடத்துக்குப் பொருந்துவது சிறிய வண்டிதான். இந்த நாட்டுக்கு அது புதிதும் அல்ல. களனிவெளியில் 1920களிலேயே சென்டினல் நீராவி ரயில் கார் ஓடியது. பிற்காலத்தில் இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து ரயில் பஸ் செய்து மட்டக்களப்பிலும் கண்டிப் பக்கத்திலும் ஓட்டினார்கள். தண்டவாளத்துக்குக் காசில்லை என்றால், தடத்தைச் செப்பனிட்டுப் பஸ்ஸுக்கென்று மட்டும் ஒதுக்கலாம்.

யாருக்காக என்று கேட்டால் என்னிடம் பதில் உண்டு. றப்பர்த் தோட்டத்தில் விடியமுன் பால் வெட்டப் போகும் அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிவிஷனிலிருந்து சந்தி வரை ஓட்டோ பிடிக்கிறார். அங்கிருந்து கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கோ இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ நெரிசல் பஸ். ஓட்டோக் கூலியே அன்றைய நாட்சம்பளத்தைக் கடித்துவிடுகிறது. உயர்தரம் படிக்கத் தமிழ்ப் பாடசாலை தேடித் தூரம் போகும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கஹதுடுவையிலிருந்து பெல்மதுளைக்கு வரைந்த ருவன்புர அதிவேகப் பாதை முழுதாக வந்தாலும், கார் இல்லாத இந்தக் குடும்பங்களுக்கு அதில் ஏறும் வழி குறைவு.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய தடத்தில் குடியிருப்பவர்களில் வேறு நிலமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். லயக் காம்பராவுக்கும் உறுதி இல்லை, ரயில் மேட்டுக்கும் உறுதி இல்லை என்ற நிலையில் ஒருவரை எழுப்பிவிட்டுப் பாதை போடுவது அநியாயம். முதலில் மாற்றுக் காணியும் உறுதிப்பத்திரமும் கையில் வர வேண்டும். பிறகுதான் அளவைக் கயிறு.

அளவையை அவிசாவளை–எஹலியகொட துண்டிலிருந்து தொடங்கலாம். எல்லைக் கல் எங்கே நிற்கிறது, எவ்வளவு தடம் மிச்சம், எங்கே பாலம் வேண்டும் என்று பிரதேச சபைகளும் ரயில்வே திணைக்களமும் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டு, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

அடுத்த வாரம், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஏறிய இன்னொரு சின்ன ரயில்.

(தொடரும்)