ஓட்டோகாட் மட்டும் போதுமா? நிர்மாணத்துறையில் 'பிம்'

என்னிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவர் ஓட்டோகாட் பாடநெறியை முடித்துவிட்டு, வளைகுடா நாடொன்றில் படவரைஞர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சையில் அவரிடம் முதலில் கேட்கப்பட்டது, "பிம் தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றதும் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. பாடநெறிக்காகத் தாயின் நகை அடகில் இருந்தது.

பிம் என்பது கட்டடத் தகவல் மாதிரியாக்கம். சாதாரண கணினி வரைபடத்தில் ஒரு சுவர் என்பது வெறும் கோடுகளே. பிம் முறையில் அதே சுவர் தனது நீளம், உயரம், தடிப்பு, கல்லின் வகை ஆகிய தகவல்களோடு முப்பரிமாண மாதிரியில் இருக்கும். ஒரு ஜன்னலை நகர்த்தினால் தளப்படம், முகப்புப் படம், வெட்டுமுகம் எல்லாம் தாமாகவே மாறும்.

வீடு கட்டியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். சிலாப் போட்ட பின்னர்தான் குழாய்க்கு வழியில்லை என்பது தெரியவரும். பின்னர் உடைக்க வேண்டும். கட்டடக் கலைஞர், பொறியியலாளர், மின் மற்றும் நீர் வேலை செய்பவர்கள் தனித்தனியே திட்டமிடுவதே இதற்குக் காரணம். பிம்மில் அனைவரது மாதிரிகளையும் ஒன்றாகப் பொருத்தி, மோதும் இடங்களைக் கணினியிலேயே கண்டுபிடிக்கலாம். கொங்கிறீட்டின் கன அளவு, கதவுகளின் எண்ணிக்கை போன்றவற்றையும் மாதிரியிலிருந்தே எடுக்கலாம். இதனால் கியூ.எஸ் தொழிலும் மாறி வருகிறது.

சிங்கப்பூர் 2013 முதல் பெரிய கட்டடங்களின் அனுமதிக்கு பிம் மாதிரிகளைக் கட்டாயமாக்கத் தொடங்கி, 2015இல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் விரிவாக்கியது. டுபாய் மாநகர சபை 2014 முதல் 40 மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இதனை வலியுறுத்தியது. பிரித்தானியா 2016 ஏப்ரலில் மத்திய அரசின் திட்டங்களுக்குக் கட்டாயமாக்கியது. 2018இல் ஐ.எஸ்.ஓ 19650 என்ற சர்வதேசத் தரநிலையும் வெளியானது.

எமது இளைஞர்கள் பலர் தொழில் தேடிச் செல்வதும் இவ்வாறான நாடுகளுக்கே. எனவே பாடநெறிக்குப் பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ரெவிட் போன்ற பிம் மென்பொருள் கற்பிக்கப்படுகிறதா? பலர் சேர்ந்து ஒரே மாதிரியில் வேலை செய்யும் பயிற்சி உண்டா? ரெவிட் மென்பொருளைத் தகுதியுள்ள மாணவர்கள் இலவசமாகப் பெறலாம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

ஓட்டோகாட் வீணல்ல, அது இன்றும் தேவை. மென்பொருள் மட்டும் தெரிந்தாலும் போதாது. சுவர் எப்படி எழும்புகிறது, கம்பி எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரியாதவர் உருவாக்கும் மாதிரியிலும் பிழையே இருக்கும். கட்டட வேலைத்தளத்தில் சில மாதங்கள் நின்று பழகிய பிள்ளைக்கே கணினியும் கைகொடுக்கும்.