தெருவிளக்கு எரியலைன்னா யாரைக் கேட்கிறது? பாகூர், வில்லியனூர் காத்திருக்கும் தேர்தல்!

பாகூரிலோ வில்லியனூரிலோ தெருவிளக்கு எரியவில்லை என்றால், கொம்யூன் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், இல்லையென்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம். ‘ஓட்டுப் போட்டோமே, செய்ங்க’ என்று கேட்க பஞ்சாயத்துத் தலைவர் இல்லை.

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து, 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில். 2021-ல் தேதிகூட அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சிக்கல், வழக்கு என்று நின்றுபோனது. 2006-ல் பிறந்த குழந்தைக்கே 2024-ல் ஓட்டுரிமை வயது வந்துவிட்டது!

இடஒதுக்கீடு முக்கியம்தான். முறையாகக் கணக்கெடுத்து அதை முடிவு செய்யட்டும். ஆனால், அதற்கு இத்தனை வருடமா? 1993-ல் அமலான 73-வது அரசியல் சட்டத்திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்கிறது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்கிறது. தேர்தலே இல்லையென்றால் அந்த நாற்காலிகள் எங்கே?

எம்.எல்.ஏ. செய்து கொடுத்தால் அது உதவி. நாம் நன்றி சொல்ல வேண்டும். பஞ்சாயத்து செய்தால் அது கடமை. நாம் கணக்குக் கேட்கலாம். சுதந்திரம் என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது மக்களே!