திறப்பு கையில் இருக்கிறது. கார் ஏன் அசைய மறுக்கிறது?

காரும் திறப்பும் ஆண்களின் பாடு என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு விடுவதும், உம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் இன்று பல வீடுகளில் பெண்கள்தான். சோனகத் தெருவில் ஒரு வீடும் புத்தளத்தில் ஒரு வீடுமாக வாழும் குடும்பங்களோ மாதத்தில் எத்தனையோ தடவை ஏ-9 வீதியில் போய் வருகின்றன. நடு வழியில் கார் அசைய மறுத்தால், பக்கத்தில் பிள்ளைகளுடன் இருக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம். ஆகவே இந்த விடயம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்குள் பெற்றோலும் பற்றரியும் வரத் தடை இருந்தது. அப்போது பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். திறப்பு பழுதானால் வயரைத் தொடுத்தும் ஓட்டி விடலாம். ஆனால் 2009இல் யுத்தம் முடிந்து பாதை திறந்த பின் வந்து சேர்ந்த ஜப்பான் கார்கள் அப்படிப்பட்டவை அல்ல. வாகன், பிரியஸ், அக்குவா, வெசல் என்று எதை எடுத்தாலும், அதன் திறப்பு ஒரு சிறிய வானொலி நிலையம்!

திறப்புக்குள் என்ன இருக்கிறது?

இந்தத் திறப்புக்குள் மூன்று பொருட்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அறிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட். இது பொத்தான் பற்றரியில் வேலை செய்கிறது. இரண்டாவது, அரிசி மணி அளவான ஒரு சிப். காருக்கு 'நான்தான் உன் சொந்தத் திறப்பு' என்று அடையாளம் சொல்வது இதுதான். இதற்குப் பற்றரி வேண்டாம். காரில் உள்ள சுருள் கம்பியிலிருந்து வரும் அலையே இதற்குத் தேவையான சக்தியைக் கொடுத்துவிடும். மூன்றாவது, உள்ளே ஒளித்து வைத்திருக்கும் சிறிய உலோகத் திறப்பு.

சிப் சொல்லும் அடையாளம் சரியாக இல்லாவிட்டால் எஞ்சினை இயங்க விடாமல் தடுக்கும் கருவிக்கு இம்மொபிலைசர் என்று பெயர். கார்த் திருட்டைத் தடுப்பதற்காக வந்த இக்கருவியை 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

பதறாமல் இதைச் செய்யுங்கள்

பொத்தானை அமுக்கியும் கதவு திறக்கவில்லையா? திறப்பின் பக்கத்தில் உள்ள சிறு கொளுக்கியைத் தள்ளி, உள்ளே இருக்கும் உலோகத் திறப்பை வெளியே எடுங்கள். சாரதிக் கதவின் கைபிடியருகே அதற்கான துவாரம் இருக்கும். திறந்தவுடன் அலாரம் அலறினாலும் பயப்பட வேண்டாம். கார் திறப்பை அடையாளம் கண்டதும் நின்றுவிடும்.

அடுத்து, கியர் 'பி'யில் இருக்கிறதா என்று பார்த்து, பிறேக்கை நன்றாக மிதியுங்கள். திறப்பின் சின்னம் பொறித்த பக்கத்தை ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடியுங்கள். சத்தம் ஒன்று கேட்டதும் பொத்தானை அமுக்குங்கள். டொயோட்டா, ஹொண்டா கார்கள் பலவற்றில் இதுவே வழி. சிப்புக்குப் பற்றரி தேவையில்லை என்று சொன்னோமல்லவா, அதன் பயன் இங்கேதான். சில வகைக் கார்களில் திறப்பைச் செருகுவதற்குத் தனித் துவாரம் இருக்கும். உங்கள் காரில் எது என்பதை இன்றே கேட்டு வையுங்கள்.

முறுக்கும் திறப்பாக இருந்து, அது திரும்ப மறுத்தால் ஸ்ரியரிங் பூட்டிக் கொண்டிருக்கலாம். ஸ்ரியரிங்கை மெல்ல இருபுறமும் அசைத்துக் கொண்டே திறப்பைத் திருப்புங்கள். பலத்தைக் காட்டினால் திறப்பு உடைந்துவிடும்.

ஹைபிரிட் கார் என்றால் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால் கார் தயார். சத்தம் வராததால் பழுதென்று நினைத்து மீண்டும் மீண்டும் பொத்தானை அமுக்குவோர் உண்டு.

எது பழுது என்று அறிவது எப்படி?

கதவு தூரத்திலிருந்து திறக்காமல், கிட்டே வந்தால் மட்டும் திறந்தால் திறப்பின் பற்றரி தேய்ந்திருக்கிறது. திறப்பும் மறுத்து, உள்விளக்கும் மங்கி, 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் காரின் 12 வோல்ற் பற்றரி இறங்கியிருக்கிறது. விளக்குகள் நன்றாக எரிந்தும், திறப்பு அல்லது பூட்டு உருவ விளக்கு விடாமல் மின்னினால், கார் உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை என்று பொருள். (கார் பூட்டி நிற்கும்போது சிவப்பு விளக்கு மின்னுவது வழமையானதே.) அப்போது கைபேசியையும் வேறு கார்த் திறப்புகளையும் தள்ளி வைத்துவிட்டு முயலுங்கள். கைப்பையில் கைபேசியோடு ஒட்டிக் கிடக்கும் திறப்பு குழம்பிப் போவதுண்டு.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களின் பற்றரிகள் இறங்கிப் போனது நினைவிருக்கும். வெளியூர் போய் நெடுநாள் கார் நிற்குமானால், யாரையாவது கொண்டு வாரமொரு முறை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இந்தச் சிறிய பற்றரி பின்பக்கம் இருக்கும். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் யாரும் தொடக் கூடாது; அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கார் ஓடிக் கொண்டிருக்கும்போதே கணவர் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு ஜும்ஆவுக்கு இறங்கி விடுகிறார். கார் எச்சரிக்கைச் சத்தம் எழுப்பும். ஆனால் நிற்காமல் ஓடும். நீங்கள் கடைத்தெருவில் போய் நிறுத்திய பிறகு மீண்டும் உயிர்ப்பிக்க முடியாது. ஆகவே யார் இறங்கினாலும், 'திறப்பு யாரிடம்?' என்று கேட்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

பற்றரி மாற்றுவதும், பிள்ளைகளைக் காப்பதும்

பெரும்பாலும் சி.ஆர். 2032 அல்லது சி.ஆர். 1632 என்ற பற்றரிதான் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீற்றரில் விட்டம். மற்ற இரண்டும் கனம், அதாவது 3.2 மில்லிமீற்றர். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பார்த்து, அதே பக்கமாகப் புதியதை வையுங்கள். பற்றரி மாற்றியதால் திறப்பு தன் அடையாளத்தை மறந்துவிடாது. கடற்காற்று வீசும் ஊரில் உள்ளே பச்சை பூத்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்து விடுங்கள். திறப்பு சட்டையோடு சேர்ந்து தோய்க்கப்பட்டு விட்டால், உடனே பற்றரியைக் கழற்றி நிழலில், காற்றாடியின் கீழ் உலர விடுங்கள். கடும் வெயிலில் வைக்காதீர்கள்.

தாய்மாரே, இதை மட்டும் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்: கழற்றிய பொத்தான் பற்றரியைப் பிள்ளை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைச் சுட்டுப் புண்ணாக்கி விடும். காசை விழுங்கியது போலத் தானாக வெளியேறும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அழவில்லை, வலியில்லை என்று தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேய்ந்த பற்றரியும் ஆபத்தானதே. ஒட்டு நாடா சுற்றி அப்புறப்படுத்துங்கள்.

பிள்ளையைக் காருக்குள் வைத்துக் கொண்டு திறப்பையும் உள்ளே விட்டு இறங்காதீர்கள். கதவு பூட்டிக் கொண்டால், நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களே பிள்ளைக்கு ஆபத்தாகிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடியின் விலையை எண்ணாமல், பிள்ளைக்குத் தூரமான கண்ணாடியை உடையுங்கள்.

திறப்பு தொலைவதற்கு முன்

ஒரு திறப்பாவது கையில் இருந்தால் இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. எல்லாம் தொலைந்தால் காரின் மூளையையே புதிதாகப் பழக்க வேண்டி வரும். செலவு பல மடங்கு. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் தொடங்கியதால், பழைய கார்கள் பல கைமாறியே ஓடுகின்றன. அவற்றில் ஒற்றைத் திறப்போடு விற்கப்படுபவை ஏராளம். வாங்கும்போது இரண்டாவது திறப்பைக் கேளுங்கள். இல்லையென்றால், தொலைந்த திறப்பின் பதிவை அழித்து, புதியதைப் பதியச் சொல்லுங்கள். இல்லாவிடில் அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் உங்கள் கார் திறக்கும்.

முற்றத்தில் நிற்கும் காருக்கு அருகே, வாசல் ஆணியில் திறப்பைத் தொங்க விடாதீர்கள். காரும் திறப்பும் ஓயாமல் பேசிப் பற்றரி தேயும். அந்த அலையைப் பிடித்து நீட்டிக் காரைத் திறக்கும் திருடர்களும் உலகில் தோன்றி விட்டார்கள். மூடியுள்ள தகர டின் ஒன்று போதும். டின்னைக் கையில் பிடித்துக் கொண்டு காரருகே நின்று, கதவு திறக்கவில்லை என்பதை ஒரு முறை சோதித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது திறப்பை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். புதிய பொத்தான் பற்றரி ஒன்றைப் பிரிக்காத உறையோடு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்று மாலை வீட்டு முற்றத்திலேயே உலோகத் திறப்பை எடுத்து ஒரு முறை கதவைத் திறந்து பாருங்கள். வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் நடுவே, இருட்டில், முதன்முதலாக அதைத் தேட வேண்டிய நிலை உங்களுக்கு வராது.