மோட்டார் சொல்லும் குறிப்பு

எங்கள் சாலில் குடியிருக்கும் டாக்ஸி நண்பர் ஒருவர், சென்ற மாதம் சயானிலிருந்து திரும்புகையில் எண்ணெய்க் கிண்டி வடிவான சிவப்பு விளக்கு எரியக் கண்டார். அடியிலிருந்து 'டொக் டொக்' என்ற சப்தமும் எழுந்தது. "காட்கோபர் அருகில்தானே" என்று ஓட்டி வந்தார். வாசலை அடையுமுன் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டியின் கடன் தவணையோ இன்னும் தீரவில்லை. வண்டியே சோறு போடும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

பக்கத்துக் குர்லாவில் உற்பத்தியான பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் இறுதியில் மும்பை வீதிகளினின்று விடைபெற்றன. அவற்றின் நோயை மெக்கானிக்குகள் காதாலேயே கண்டனர். இன்றைய வண்டியிலோ கம்ப்யூட்டர் விளக்கேற்றிக் காட்டுகிறது. ஆயினும் காதின் வேலை தீர்ந்துவிடவில்லை.

மேலிருந்து வரும் 'டிக் டிக்' ஒலி பெரும்பாலும் வால்வு இடைவெளியையோ எண்ணெய்க் குறைவையோ குறிக்கும். கிளம்புகையில் 'கீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது; பாட்டரி விளக்கும் எரிந்தால் ஐயமே வேண்டா. அடியிலிருந்து கனத்த இடியோசை கேட்டால் பேரிங் தேய்வு என்று அஞ்ச வேண்டும்.

எண்ணெய் விளக்கு அறிவிப்பது அழுத்தம் குறைந்ததை. அழுத்தமின்றேல் இரும்போடு இரும்பு உராயும். சில நிமிஷங்களே போதும். உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தல் வேண்டும். வெப்ப விளக்கு சிவந்தாலும் அவ்வாறே. சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்.

இஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குச் செல்லலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால், சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியவில்லை என்பது பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துக. இல்லையேல் விலையுயர்ந்த புகை வடிப்பானும் கெடும்.

பட்டறையில் கருவியைப் பொருத்தி 'பீ 0301' என்பர். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதே அதன் பொருள். எப்பொருளை மாற்றுவது என்று அது சொல்வதில்லை. குற்றவாளி பிளக்காகவோ காயிலாகவோ இஞ்செக்டராகவோ இருக்கலாம். சிலிண்டர்தோறும் தனிக் காயில் உள்ள வண்டியாயின், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, குறியை அழித்து, சற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறி 0302 என மாறினால் காயிலே குற்றவாளி. மாறாவிடில் காயிலுக்குப் பணம் கொடாதீர். குறியை அழித்துவிட்டு, "சரியாயிற்று" என்பாரையும் நம்பாதீர். நோய் இருந்தால் விளக்கு மீண்டும் எரியும்.

நான் பணிபுரியும் ரயில்வேயில் சிவப்புக் கைகாட்டிக்கு மறுபேச்சு இல்லை. "வீடு அருகில்தானே" என்பது அங்கே செல்லாது. நம் வண்டியிலும் அது செல்லாதிருக்கட்டும்.