அலைச்சறுக்கும் முருகைக்கல்லும்

பொத்துவிலிலிருந்து வந்து எம்மிடம் இலக்கணம் பயிலும் மாணாக்கர் ஒருவர், விடுமுறை கழிந்து திரும்பிய நாளில் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, அறுகம் குடாவிலே பலகைமேல் நின்றபடி அலையில் வருகிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்?" பத்திரிகைகள் 'அலைச்சறுக்கு' என எழுதுகின்றன என்றேன். அவர் மனம் அமையவில்லை. "சறுக்கினால் விழுந்துவிடுவோமே, ஐயா. அவர்கள் நிற்கிறார்களே!" என்றார். வினா நியாயமானதே.

விடை தேடப் புகுந்தபோது, அவ்வாடல் தழைத்து வளர்ந்த ஹவாய்த் தீவுகள் வரை செல்லவேண்டியதாயிற்று. அத்தீவினர் அதனை 'ஹேஏ நலு' என்பர். நலு என்பது அலை; ஹேஏ என்பது வழுக்கிச் செல்லுதல். நம் சொல் அவர் சொல்லுக்கு எத்துணை அணித்தாய் நிற்கிறது! மிஷனரிமார் 1820 இல் அங்குக் கால்வைத்த பின்னர், அவர்தம் வெறுப்பாலும், அயலார் கொணர்ந்த நோய்களால் மக்கள் மடிந்தமையாலும் அவ்வாடல் பெரிதும் அருகிற்று. பின்னர் 1912 இல் ஒலிம்பிக் நீச்சலிற் பொற்பதக்கம் பெற்ற டியூக் கஹானமோக்கு என்னும் ஹவாய் வீரர் அதனை அவுஸ்திரேலியா வரை கொண்டுசென்று ஆடிக்காட்டினார். பழைய பலகைகளுக்கு உதவிய மரங்களுள் இலேசான 'விலிவிலி' ஒன்று. அது வேறன்று, நம் கலியாண வீடுகளிற் கன்னிக்காலாக நடும் முள்முருக்கின் இனமே.

இனி, மாணாக்கரின் குடாவுக்கு வருவோம். மே முதல் ஒக்டோபர் வரையே அங்கு ஆடலுக்குரிய பருவம். தென்சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பிய திரைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து அங்கு வந்து சேர்கின்றன. கடலுள் நீண்ட முனையைச் சுற்றி வளையும்போது, அலை ஒரே வீச்சில் மடிவதில்லை. பாயைச் சுருட்டுவதுபோல ஓரத்தில் தொடங்கி மடிந்துகொண்டே போகிறது. அம்மடிப்புக்கு ஒரு முழம் முன்னே ஓடுவதே ஆடுவோனின் திறம். அக்காலத்தில் வீசும் கச்சான், தரையிலிருந்து கடலை நோக்குவது. எதிர்வரும் அலையின் முகத்தை உடனே சரியவிடாது தாங்குகிறது. (கச்சான் என்றதும் நகரத்தாருக்குக் கொறிக்கும் கடலையே நினைவுக்கு வரும்.) மார்கழியில் வாடை கடலிலிருந்து கரைக்கு அடிக்கும்போது அவ்வொழுங்கு குலைந்துவிடும். காற்றுக்குப் பெயரிட்டு அதன் குணமும் அறிந்த நம் கடற்றொழிலாளர், பலகையைத் தொடாமலே இக்கலையிற் பாதி கற்றவராவர்.

மாணாக்கரின் ஐயத்துக்கும் இங்கே விடையுண்டு. பலகை அலையின் சரிவில் உண்மையாகவே சறுக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறது; விழுகின்ற அளவுக்கு அலை கீழிருந்து எழுந்துகொண்டிருப்பதால் ஆடுவோன் அடியை எட்டுவதில்லை. ஆகவே 'சறுக்கு' பொருத்தமான சொல்லே. இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபின்னரே அவர் அமைதியுற்றார்.

அடுத்து, முகத்திற் கண்ணாடியும் வாயிற் குழாயுமாகக் குப்புற மிதந்து கடலடியைக் காண்பதற்குப் பெயர் கேட்டார். சுழியோடுதல் என்பது உள்ளே மூழ்குவது. இது மேலே மிதப்பது. நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால், அவ்வாறு மிதப்போர் காணும் பொருளுக்கு நாம் இட்ட பெயரே என்னை அதனினும் வருத்துவது. 'முருகைக்கல்' என்கிறோம். அது கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூடித் தமக்குக் கட்டிய சுண்ண வீடு அது. அவ்வுயிர்களின் உடலுள் நுண்பாசிகள் குடியிருந்து உணவூட்டுகின்றன. கடல் மிகச் சூடேறினால் பாசி நீங்கும், முருகை வெளுக்கும். 1998 இல் ஹிக்கடுவையில் அவ்வாறு வெளுத்து மாண்டவை மிகப் பல. பாறைபோற் றிரண்ட முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும்.

கல்லென்று சொல்லியே அதனைச் சுண்ணாம்புக்குச் சுட்டோம். கரையோரத்தில் அதை அகழ்வதை 1988 இற் சட்டம் தடைசெய்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும், ஆழங்குறைந்த அந்நீரில் மிதக்க வருவோர் களைப்புற்றதும் கல்லென்றெண்ணி அதன்மேற் கால் ஊன்றிவிடுகின்றனர். கிளைத்த முருகை ஒரு மிதியில் நொறுங்கும். 'முருகை' என்ற அளவில் நாம் நிறுத்தியிருக்கலாம்.

மாணாக்கர் பின்னர் எழுதிவந்த கட்டுரையில், "முருகைக்கல் மெல்ல வளர்கிறது" என்றொரு வாக்கியம் இருந்தது. முன்னாளிலாயின், கல் எங்ஙனம் வளரும் என்று சிவப்பு மையால் 'வளர்கிறது' என்பதைக் கீறியிருப்பேன். இம்முறை 'கல்' என்பதைக் கீறினேன்.